கயிற்றின் மறுமுனை

1

2024 மார்ச் முதல் வாரம், கோவையில் ஒரு இரவுக் காட்சி. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. சேறும் ரத்தமுமாக ஒருவன் குழிக்குள்ளிருந்து மேலே வருகிறான். சரியாக அந்த நொடியில் இளையராஜாவின் பாட்டு எழுகிறது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஐந்தாறு பையன்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். விசில், கத்தல், பாட்டோடு சேர்ந்து பாடும் குரல்கள். பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டு நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத்தான் துடைக்கிறார் என்று நம்புவதாக நான் பாவனை செய்தேன். அவரும் என்னைப் பற்றி அப்படி ஏதோ பாவனை செய்திருக்க வேண்டும். நானும் அழுதுகொண்டிருந்தேன்.

வெளியே வந்து போனை எடுத்தால், கல்லூரி நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி. மொத்தம் ஏழு பேர் இருக்கிற குழு. பிறந்தநாள் வாழ்த்தும் ரியல் எஸ்டேட் விளம்பரமும் தவிர வேறு எதுவும் வராத இடம். அன்று மாலைக் காட்சி பார்த்துவிட்டு வந்திருந்த ஒருவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: “டேய், அன்னைக்கு நான் விழுந்திருந்தா உங்கள்ல யாருடா இறங்கியிருப்பீங்க?”

கீழே அழும் முகங்கள், இதயங்கள், யாரோ திரையரங்கில் திருட்டுத்தனமாக எடுத்த அந்தப் பாட்டின் துண்டு வீடியோ. பதில் மட்டும் இல்லை. நானும் ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டு பைக்கை ஸ்டார்ட் செய்தேன்.

அவன் சொன்ன ‘அன்னைக்கு’ எதுவென்று எங்கள் ஏழு பேருக்கும் தெரியும். 2009, கடைசி வருடம். கொடைக்கானல் டூர். குணா குகையைச் சுற்றியிருந்த கம்பிவேலியை அவன் தாண்டினான், போதையில். நாங்கள் இந்தப் பக்கம் நின்று, கமல் மாதிரி பேசு, கமல் மாதிரி பேசு என்று கத்தினோம். நோக்கியா போனில் வீடியோகூட எடுத்தோம். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டான். ஒன்றும் நடக்கவில்லை. பதினைந்து வருடம் அது ஒரு ஜோக்காகத்தான் இருந்தது.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக நான் இதயத்தைப் போட்டேனே, இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. அந்தப் படத்துக்குத் தமிழ்நாடு காட்டிய எதிர்வினையைப் பற்றியதும்கூட. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

2

இப்போது இருபதை ஒட்டி இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991 நவம்பர் 5, தீபாவளி. ‘தளபதி’ வந்த அதே நாளில் சந்தானபாரதி இயக்கத்தில் ‘குணா’ வந்தது. மனநிலை பிறழ்ந்த ஒருவன் ஒரு பெண்ணை அபிராமி என்று நம்பி, கடத்திக்கொண்டு போய் மலையில் ஒளித்துவைக்கிறான். அந்தப் படம் எடுக்கப்பட்ட இடம் கொடைக்கானலில் தூண் பாறைகளுக்கு அருகே, பாறைகளுக்கு இடையில் ஆழமான வெடிப்புகள் ஓடும் ஒரு சோலைக்காடு. வெள்ளைக்காரர்கள் அதைப் பிசாசின் சமையலறை என்று அழைத்தார்கள். படத்துக்குப் பிறகு நம் ஆட்கள் அதை குணா குகை ஆக்கினார்கள். நான் பழநிக்காரன். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அந்த மலை வெறும் நீலச் சுவர். அந்தச் சுவருக்குள் அப்படி ஓர் ஓட்டை இருப்பதே சினிமா பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

2006இல் எர்ணாகுளத்துப் பக்கம் மஞ்ஞும்மல் என்ற ஊரிலிருந்து ஒரு நண்பர் குழு கொடைக்கானலுக்கு வந்தது. கமல் படம் எடுத்த குகையைப் பார்க்க வேண்டுமென்று தடையைத் தாண்டி உள்ளே போனார்கள். ஒருவர் குழிக்குள் விழுந்தார். மீட்க வந்தவர்கள் இறங்கத் தயங்கியபோது, நண்பர்களில் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவரை மேலே கொண்டுவந்தார். அவருக்குப் பிறகு ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. இந்தச் சம்பவத்தைத்தான் சிதம்பரம் படமாக்கினார். 2024 பிப்ரவரி 22 அன்று வெளியானது. சௌபின் ஷாஹிர் இறங்குகிற குட்டன், ஸ்ரீநாத் பாஸி விழுகிற சுபாஷ்.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. டப்பிங் செய்யப்படாத ஒரு மலையாளப் படம் தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடிக்கு மேல் வசூலித்தது. கமல்ஹாசன் படக்குழுவை அழைத்துப் பேசினார், சந்தானபாரதியும் உடன் இருந்தார். முப்பத்து மூன்று வருடத்துக்கு முன் வந்த பாட்டு மறுபடி ஒவ்வொரு டீக்கடையிலும் ஒலித்தது. படம் பார்த்தவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், எல்லோரும் அந்தக் கடைசி நாலு நிமிடத்தைத்தான் சொன்னார்கள். “பாட்டு வரும் பாரு, அங்க முடிச்சுட்டான்.” இரண்டேகால் மணி நேரப் படம் ஒன்று தமிழ்நாட்டில் நாலு நிமிடப் படமாகச் சுருங்கியது.

3

ஏன் அழுதோம்? உடனே தோன்றும் பதில், நினைவு. பாட்டு நம்முடையது. வாலி எழுதியது, கமலும் எஸ். ஜானகியும் பாடியது. நம் பால்யம், நம் கேசட், நம் மினி பஸ். படம் அந்தப் பொத்தானை அழுத்தியது, நாம் அழுதோம். மென்பொருள் பாஷையில் சொன்னால், அந்தக் காட்சி எல்லாவற்றையும் புதிதாக எழுதவில்லை. ஏற்கனவே நம் எல்லோருடைய மெமரியிலும் ஏறியிருந்த ஒரு லைப்ரரியைக் கூப்பிட்டது, அவ்வளவுதான்.

இந்த விளக்கத்தைப் பெருமையோடு அலுவலகத்தில் சொன்னேன். என் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த இருபத்திரண்டு வயதுப் பெண் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் குணா பாத்ததே இல்லண்ணா. அந்தப் பாட்டு ரீல்ஸ்ல காமெடிக்குத்தான் வரும். ஆனா நானும் அழுதேனே” என்றாள். என் லைப்ரரி அங்கேயே கிராஷ் ஆனது.

அப்போதுதான் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ ஞாபகம் வந்தது. 2023 ஜனவரி இறுதியில் அதன் மூன்றாவது எபிசோட் வந்தபோது உலகம் முழுக்க இப்படித்தான் அழுதார்கள். பூஞ்சைத் தொற்றால் மனிதகுலம் அழிந்துகொண்டிருக்கும் கதை. அந்த எபிசோடில் மட்டும் முக்கியக் கதை ஓரமாய் நிற்கிறது. ஊரைச் சுற்றி வேலி போட்டு, பொறிகள் வைத்துத் தனியாக வாழும் பில் என்ற மனிதன். அவன் வெட்டிய குழியில் ஃபிராங்க் என்றொருவன் வந்து விழுகிறான். பில் மேலே துப்பாக்கியோடு நிற்கிறான். கடைசியில் அவனை வெளியே வரவிடுகிறான், சாப்பாடு போடுகிறான். சாப்பிட்ட பிறகு பியானோவில் ஒரு பழைய பாட்டு. 1970இல் லிண்டா ரான்ஸ்டாட் பாடியது. அந்தப் பாட்டில் தொடங்கி இருவரும் கிழவர்களாகி ஒரே நாளில் சேர்ந்து சாவதுவரை கதை போகிறது. எபிசோடின் பெயரும் அந்தப் பாட்டின் பெயர்தான்.

லிண்டா ரான்ஸ்டாட் யாரென்றே எனக்கு அதற்குமுன் தெரியாது. அந்த நாட்டு இளைஞர்களிலும் பெரும்பாலோர் அன்று இரவுதான் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டார்கள். ஸ்பாட்டிஃபையில் அதைக் கேட்போர் எண்ணிக்கை பல மடங்கு எகிறியது செய்தியானது. ஆக, பழைய பாட்டு வேலை செய்வதற்குப் பழைய நினைவு கட்டாயமில்லை. குழி, பழைய பாட்டு, ஒருவனை மேலே கொண்டுவரும் இன்னொருவன். இரண்டு கதைகளிலும் இவை இருப்பது தற்செயல்தான். ஆனால் இரண்டிலும் பாட்டு செய்யும் வேலை ஒன்று. அந்த மனிதர்கள் தங்கள் வாயால் சொல்லத் தெரியாததை, சொல்லக் கூச்சப்படுவதை, வேறு யாரோ எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பில்லுக்குத் தன் தனிமையைச் சொல்ல வார்த்தை இல்லை. மஞ்ஞும்மல் பையன்களுக்கு ஒருவனையொருவன் கெட்ட வார்த்தையில் கூப்பிடத்தான் தெரியும். ‘எனக்கு உன்மேல் அன்பு இருக்கிறது’ என்று ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் சொல்ல மலையாளத்திலும் தமிழிலும் எங்களுக்கெல்லாம் வாக்கியமே கிடையாது. கடன் வாங்கிய பாட்டுதான் உண்டு.

4

படம் அந்தப் பாட்டை எங்கே வைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடைசியில் திடீரென்று கொண்டுவரவில்லை. தொடக்கத்திலேயே அது வந்துவிடுகிறது. பிறகு இவர்கள் குகைக்குப் போவதே கமல் படம் எடுத்த இடம் என்பதால்தான். அதாவது, ‘குணா’தான் இவர்களை அந்தக் குழிக்குக் கூட்டிக்கொண்டு போனது. கடைசியில் அதே ‘குணா’வின் பாட்டு மேலே வருகிறவனை வரவேற்கிறது. குழிக்கு அழைத்ததும் அதுதான், கைகொடுத்துத் தூக்கியதும் அதுதான். சினிமா மோகத்தைப் பற்றி ஒரு சினிமாவே இவ்வளவு கூர்மையாகச் சொன்னது குறைவு. அந்த நேரத்தில் நாம் விசிலடித்துக்கொண்டிருந்தோம்.

“காதல் பாட்டை நட்புப் பாட்டா மாத்திட்டாங்க” என்பது அன்று எல்லோரும் சொன்ன பாராட்டு. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மூலப் படத்தில் அந்தப் பாட்டு ஒரு கடிதம். அவன் சொல்லச்சொல்ல அவள் எழுதுகிறாள். அவனுக்கு எழுதத் தெரியாது. அவளோ அவனால் கடத்திவரப்பட்டவள். சாதாரண ஆட்களுக்கு இந்தக் காதல் பிடிபடாது என்ற பொருளில் வரும் இடத்தில் நாம் உருகுகிறோம். ஆனால் காகிதத்தின் மேல் குனிந்திருக்கும் அந்தப் பெண் வீட்டுக்குப் போக முடியாதவள் என்பது உருகும்போது மறந்துவிடுகிறது. அவள் பிறகு அவனை நேசிக்கிறாள் என்பது கதை. கடத்தப்பட்டாள் என்பதும் கதைதான். முப்பத்து மூன்று வருடமாக நாம் அந்தப் பாட்டிலிருந்து அபிராமியை மெல்ல மெல்ல வெட்டிவிட்டோம். மஞ்ஞும்மலுக்கு வந்து சேரும்போது அவள் முழுக்கவே இல்லை. இந்தப் படத்தில் அம்மாக்களைத் தவிரப் பெண்களே அநேகமாகக் கிடையாது.

இதைப் படத்தின் குற்றமாகச் சொல்லவில்லை. பாட்டுகள் இப்படித்தான் கைமாறும். கைமாறும்போது ஏதோ ஒன்று உதிரும். பாட்டு யாருடையது என்ற கேள்வி அந்த மே மாதம் சட்டபூர்வமாகவும் வந்தது. இளையராஜா தரப்பிலிருந்து தயாரிப்பாளர்களுக்கு நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் அனுமதி வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்று அவர்கள் சொன்னார்கள். ரசிகர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். “எங்களை அழவைச்ச பாட்டுக்குக் காசு கேக்கிறாரே” என்று ஒரு கட்சி. அழவைத்த பாட்டு என்பதால்தானே கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நம் கண்ணீரைக் கொடுத்துவிட்டால் பாட்டு நம்முடையதாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம்.

5

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்லப்படுகின்றன. இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, வேண்டியவரையோ வேண்டியதையோ இழப்பது, இருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது வெறும் பட்டியல். அந்த இரவு வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் அழுத இடத்தில் இந்த நான்கில் எது இருந்தது? ஒன்றும் இல்லை. அங்கே யாரையும் இழக்கவில்லை. விழுந்தவன் பிழைத்து வந்துவிட்டான்.

அப்படியானால் அது அழுகையே இல்லை. பெருமிதம். அதற்கும் நான்கு சொல்லியிருக்கிறது: கல்வி, தறுகண், இசைமை, கொடை. தறுகண் என்றால் அஞ்சாமை. கொடையில் உயிரைக் கொடுக்கத் துணிவதும் அடக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். கயிறு கட்டிக்கொண்டு இறங்கியவனிடம் இரண்டும் இருந்தன. அதைப் பார்த்து நம் உடம்பு சிலிர்த்தது, கண் கலங்கியது. பட்டவனுக்கு நேர்வது பார்ப்பவனிடமும் வந்து சேர்வதுதான் மெய்ப்பாடு என்று செயிற்றியம் என்ற பழைய நூலின் கருத்தை இளம்பூரணர் தன் உரையில் எடுத்துக்காட்டுகிறார். கலை என்று ஒன்று இருப்பதற்கே அதுதான் காரணம். ஆனால் இப்படி வந்து சேர்வதில் ஒரு வசதியும் இருக்கிறது. தறுகண் குட்டனுடையது. பெருமிதம் மட்டும் பாப்கார்னோடு உட்கார்ந்திருந்த எனக்கு வந்துவிட்டது. எந்தச் செலவும் இல்லாமல்.

நாம் எல்லோரும் அழுதது குட்டனாக இருந்துதான் என்று இதனால்தான் சொல்கிறேன். அந்த வாரம் என் போனுக்கு வந்த ஸ்டேட்டஸ்களில், “எனக்கும் இப்படி ஒரு ஃப்ரெண்ட் இருக்கான்” என்றோ, “நானும் இறங்குவேன்” என்றோதான் இருந்தன. “நான் இறங்கியிருக்க மாட்டேன்” என்று ஒருவர்கூடப் போடவில்லை. எங்கள் குழுவில் அந்தக் கேள்வி பதிலில்லாமல் கிடந்தது இதனால்தான். எல்லோரும் குட்டனாக அழுதுவிட்டு வந்திருந்தோம். கேள்வி குட்டன்களிடம் கேட்கப்படவில்லை. எங்களிடம் கேட்கப்பட்டது.

அழுகைக்கான இளிவும் அசைவும் படத்தில் இல்லாமலில்லை. உதவி கேட்டுக் காவல் நிலையத்துக்கு ஓடியவர்களைப் போலீஸ்காரர்கள் அடிக்கிறார்கள். நண்பன் குழிக்குள் கிடக்கிறான், மழை கொட்டுகிறது, கொலைப் பழி தங்கள்மேல் விழுமோ என்று நடுங்கிக்கொண்டு அடி வாங்குகிறார்கள். நான் பார்த்த காட்சியில் அந்த இடத்தில் யாரும் அழவில்லை. ஓர் அறைக்கு ஒருவர் சிரிக்கவும் செய்தார். அடிக்கிற போலீஸ் நம் போலீஸ், அடிவாங்குகிறவன் குடித்துவிட்டு வந்த வெளியூர்க்காரன். படம் வந்த பிறகு, 2006இல் நடந்ததை விசாரிக்க வேண்டுமென்று தமிழக அரசுக்கு மனு போனது. அந்தச் செய்தியை எங்கள் குழுவில் யாரும் பகிரவில்லை. பாட்டு மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது.

6

இந்தக் கண்ணீர் வெள்ளத்துக்கு எதிராக நின்றவர்களில் முக்கியமானவர் ஜெயமோகன். காட்டுக்குள் குடித்துக் கூத்தடித்துப் புட்டிகளை உடைத்துப் போடும் சுற்றுலாக் கும்பலை இந்தப் படம் கொண்டாடுகிறது என்று கடுமையாக எழுதினார். கேரளத்தில் பெரிய கொந்தளிப்பு. இங்கேயும்தான். மலையாளிகளை இழிவுபடுத்துகிறார் என்று ஒரு பக்கம், சரியாகச் சொன்னார் என்று இன்னொரு பக்கம்.

மலையடிவாரத்தில் வளர்ந்தவன் என்ற முறையில், அவர் சொன்ன புட்டிகள் எனக்குத் தெரியும். பழநியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். வண்டி நிறுத்துமளவுக்கு அகலமான எந்த வளைவிலும் கண்ணாடிச் சில்லு கிடக்கும். 2009இல் அதில் சிலவற்றைப் போட்டவர்கள் நாங்கள். மலையாளியும் இல்லை, மஞ்ஞும்மலும் இல்லை. ஒட்டன்சத்திரமும் தாராபுரமும் பழநியும்தான். எனவே அந்தக் கோபத்தை ஒரு மாநிலத்தின்மேல் வைத்தது பிசகு என்று நினைக்கிறேன். கோபமே பிசகு என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் படம் கொண்டாடுகிறதா? பாட்டோடு எழுந்து வெளியே போனவர்களுக்குக் கொண்டாடுவதாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகும் படம் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய சுபாஷால் தூங்க முடியவில்லை. இருட்டு அவனை விடவில்லை. அவன் உடம்பு மேலே வந்துவிட்டது, அவனில் ஒரு பகுதி இன்னும் அங்கேயே கிடக்கிறது. கொண்டாட நினைக்கும் படம் இதைக் காட்டாது. ரசிகர்கள் கயிற்றை மட்டும் பார்த்தார்கள். ஜெயமோகன் புட்டியை மட்டும் பார்த்தார். படத்தில் கயிறும் இருக்கிறது, புட்டியும் இருக்கிறது, இரண்டுக்கும் பிறகு வரும் தூக்கமில்லாத இரவும் இருக்கிறது. எதிர்வினை என்பது கத்தரிக்கோல் மாதிரி. பாராட்டும் வெட்டும், திட்டும் வெட்டும்.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. அந்த மூன்றாவது எபிசோடைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்களுக்கு எதிரே, இரண்டு ஆண்களின் காதல் என்பதாலேயே இணையத்தில் வேண்டுமென்று குறைந்த மதிப்பெண் போட்டுத் தள்ளியவர்கள் ஒரு கூட்டம். மூலக்கதையான 2013 வீடியோ கேமில் ஃபிராங்க் வெறுப்போடு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுச் சாகிறான்; அந்தக் கசப்பை இனிப்பாக்கிவிட்டார்கள் என்று வருந்தியவர்கள் கொஞ்சம் பேர். இவர்கள் சொன்னதில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. ஆனால் வெறுப்பவர்களின் சத்தத்துக்கும் அழுபவர்களின் சத்தத்துக்கும் நடுவில் அந்தக் கொஞ்சம் பேரின் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

7

2024 மே கடைசியில் கொடைக்கானல் போனேன். உயர்நீதிமன்ற உத்தரவால் அந்த மாதம் 7ஆம் தேதியிலிருந்து இ-பாஸ் முறை வந்திருந்தது. போனில் பதிவு செய்து, சோதனைச் சாவடியில் காட்டி, மேலே போனால் குணா குகைக்கு முன்னால் ஊரே நின்றது. வேர்கள் தரைக்கு மேலே புடைத்து ஓடும் அந்தச் சோலை எனக்கு ஞாபகமிருந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. எல்லோரும் வேரில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குகையைக் கிட்டே போய்ப் பார்க்க முடியாது. கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான். 2009இல் இருந்ததைவிட வலுவான கம்பி.

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கும்பல் கத்தியது: “சுபாஷே...!” அடுத்த கும்பல் இன்னும் சத்தமாக. சின்னக் குழந்தை ஒன்று அப்பாவின் தோளில் உட்கார்ந்து, “சுபாஸ்” என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. படத்தில் அந்தக் கூப்பாடு, பதில் வராத ஓர் இருட்டைப் பார்த்துப் பயத்தில் கத்துவது. முதலில் அவன் விளையாடுகிறான் என்றுதான் நண்பர்கள் நினைக்கிறார்கள். பிறகு குரல் உடைகிறது. மார்ச்சில் நம்மை உலுக்கிய அதே கூப்பாடு மே மாதத்தில் ஜோக்காகிவிட்டது. உள்ளே இன்னும் ஆழம் இருக்கிறது. அங்கே விழுந்தவர்கள் யாரும் உயிரோடு வந்ததில்லை என்று படத்தில் போலீஸ்காரர் சொல்வார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தும்போது அந்த மற்றவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பிழைத்தவனின் பெயர்தான் தெரியும்.

வெளியே பஜ்ஜிக் கடை அக்காவிடம், “கூட்டம் எப்பவும் இப்படித்தானா அக்கா?” என்று கேட்டேன்.

“முன்னாடி வர்றவங்க கமல் மாதிரி பேசிட்டுப் போவாங்க. இப்ப சுபாஷ்னு கத்திட்டுப் போறாங்க. பாறை ஒண்ணுதான் தம்பி” என்று சொல்லிவிட்டு, மிளகாயைப் பிளந்து மாவில் முக்கினார். பிறகு, “சத்தம் போட்டா குரங்குக்குத்தான் எரிச்சல். பஜ்ஜியப் பத்திரமாப் புடிங்க” என்றார்.

பஜ்ஜியைப் பிடித்துக்கொண்டு வண்டியில் வந்து உட்கார்ந்தேன். குழுவைத் திறந்து மேலே மேலே தள்ளி மார்ச் மாதத்துக்குப் போனேன். அவன் கேள்வி அங்கேயே இருந்தது. கீழே எங்கள் இதயங்கள் வரிசையாக.

படத்தை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இறங்கியவன் ஒருவன்தான். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஓடினார்கள், அடி வாங்கினார்கள், ஒருவரையொருவர் திட்டினார்கள், ஒருவன் உறைந்து போனான். மழைத்தண்ணீர் குழிக்குள் போகாமலிருக்கத் தங்கள் உடம்பையே குறுக்கே போட்டுப் படுத்தார்கள். கடைசியில் கயிற்றை இழுத்தார்கள். படத்தின் தொடக்கத்தில் வடம் இழுக்கும் போட்டி ஒன்று வருமே, அது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. கயிற்றுக்கு இரண்டு முனை உண்டு. கீழ்முனையில் ஒருவன் வீரனாகலாம். மேல்முனையில் பயந்தவன், அழுதவன், உதவாக்கரை எல்லோரும் சேர்ந்து பிடித்தால்தான் அந்த வீரனும் மேலே வர முடியும். படத்தின் பெயரில் ஒரு ஆளின் பெயர் இல்லை. ஒரு ஊரும் ஒரு பன்மையும்தான் இருக்கின்றன. நாம் அதை ஒருமையாக்கிப் பார்த்தோம். ஒருமையில்தான் நாம் வீரன்.

என் அழுகை பொய் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அந்தப் பாட்டு எழும்போது மறுபடி பார்த்தாலும் அழுவேன். பார்த்துவிட்டேன், அழுதேன். அழுத ஒருவனிடம் விமர்சகன் போய், உன் கண்ணீர் மலிவு என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. அழுது முடித்த பிறகு, யாராக இருந்து அழுதாய் என்று கேட்கலாம். அவ்வளவு உரிமை விமர்சனத்துக்கு உண்டு. முதலில் தன்னிடம் கேட்டுவிட்டு.

அவன் செய்தியைப் பிடித்து அழுத்தி, பதில் எழுதினேன். “இறங்கியிருக்க மாட்டேன்டா. பயந்து செத்திருப்பேன். ஆனா உன்ன விட்டுட்டுப் போயிருக்க மாட்டேன்னு நெனைக்கிறேன். கயிறு புடிச்சிருப்பேன்.”

இரண்டு நீல டிக் வந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பெருமாள்மலையைத் தாண்டி இறங்கும்போது போன் ஒலித்தது.

“அது போதும்டா,” என்று எழுதியிருந்தான். “அந்த வீடியோ இன்னும் யார்கிட்டயாவது இருந்தா டெலீட் பண்ணிடுங்க.”